பன்னிரண்டுக்கு அடுத்தது

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். இரவு முழுவதும் பயமுறுத்திவிட்டுப் பெய்யாமல் நின்ற மேகம் இன்னும் கலையவில்லை. காற்று துளியும் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினெட்டுப் படிகள். ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறியவன், பன்னிரண்டு சொன்னதும் ஒரு கணம் நின்றேன். மூச்சு வாங்கியதால் அல்ல. அடுத்த எண் வருகிறதா என்று பார்க்கத்தான். வந்தது. மேலே போனேன்.

இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு புதன்கிழமை காலை, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது என் வாயின் வலப்பக்கம் தொங்கிப்போயிற்று. நாற்பது நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு தானாகவே வந்தது. மருத்துவமனையில் இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் சின்ன அடைப்பு, கரைந்துவிட்டது என்றார் டாக்டர். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தறிகளையும் ஆடுமாடுகளையும் கிணறுகளையும் எண்ணியே சம்பளம் வாங்கியவன் நான். கடகடவென்று எண்ணி முடித்தேன். நிமிர்ந்தபோது டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் எழுதாமல் நின்றிருந்தது.

"பன்னெண்டுக்கு அப்புறம் என்ன சார்?"

"பதினாலு."

"நடுவுல ஒண்ணும் இல்லையா?"

இருக்கிறது என்று தெரிந்தது. விரலில் காட்டச் சொல்லியிருந்தால் காட்டியிருப்பேன். பெயர் மட்டும் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேடிப் பிடித்துப் படித்தேன். பதிமூன்று. படித்தால் வந்தது. கண்ணை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தால் சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து, பல் தேய்த்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணத் தொடங்கினேன். மனைவிக்குத் தெரியாது. வந்த நாளுக்கு ஒரு புள்ளி, வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி என்று சின்ன நோட்டில் வைத்தேன். ஒரே ஒரு எண் தானே, போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. அது போன வழியிலேயே அடுத்ததும் போகும். பிறகு தெருவின் பெயர் போகும். பிறகு ஒருநாள் காலையில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழிப்பேன்.

பாடுங்கள் என்று சொன்னவர் டாக்டர்தான். பேச்சு திக்குகிறவர்களுக்குக்கூடப் பாட்டு வரும், மூளையில் அது வேறு வழியாகப் போகிறது என்றார். இரண்டு நாள் வீட்டிலேயே பாடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, பால்காரன் உள்ள எட்டிப் பாத்துட்டு, வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்லைன்னு கேட்டுட்டுப் போறான். வெளிய போயி கும்பலோட பாடுங்க. என் தலையில எத்தினி நரை முடின்னு எண்ற வேலையாவது கொறையும்."

கும்பலுக்கு வழி காட்டியவர், மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்த ஆட்டோக்காரர். சின்ன வயதிலிருந்து தேவாலயத்தில் பாடிப் பழகியவர். நல்ல கனத்த குரல். "எங்க குழுவுக்கு வாங்க சார், ஆம்பளைங்க மட்டும் தான். எல்லாம் நம்மள மாதிரி வேலைவெட்டி உள்ளவங்க. கச்சேரின்னு பயந்துக்காதீங்க" என்றார்.

அப்படித்தான் அந்தப் படிகளில் ஏறினேன். மேலே இருந்தவர்களை எண்ணினேன். நெசவாளர்கள் ஆறு பேர், கடைக்காரர்கள் மூன்று பேர், ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் கல்லூரி ஊழியர்கள் இரண்டு பேர், ஆட்டோக்காரர், குழுவை நடத்தும் வாத்தியார். என்னோடு பதினான்கு. வாத்தியார் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பாட்டுகளை அவரே எழுதுவார், அவரே மெட்டுப் போடுவார், கீபோர்டும் அவரே வாசிப்பார். தாளத்துக்கு ஒரு டோலக். அதை வாசித்தவர் ஆறு நெசவாளர்களில் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

முதல் நாள் எனக்குப் பாட்டில் மனமே செல்லவில்லை. எதிரே கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதி வைத்திருந்தது. அதை அழித்துச் சரியாக எழுதாமல் எப்படி வாயைத் திறப்பது? மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டொக்கென்றது. கடைசியில் எழுந்து போய் ஐம்பத்தாறு என்று எழுதிவிட்டு வந்து நின்று, எல்லோரும் நிறுத்திய இடத்தில் நான் மட்டும் பாடினேன்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் காலடியில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"அஞ்சு ரூபா, சார்."

"எதுக்கு?"

"உங்க கொரல் தனியா கேட்டுது இல்ல? அதுக்கு."

குழுவின் ஒரே சட்டம் அதுதான். கூட்டத்திலிருந்து தனியாக ஒரு குரல் கேட்டால், தனியாக ஒரு டோலக் அடி விழுந்தால், அவர் ஐந்து ரூபாய் போட வேண்டும். அந்தக் காசில்தான் பயிற்சி முடிந்ததும் டீயும் வடையும். நால்வர் சேர்ந்து தவறினால்? ஒன்றும் இல்லை என்றார் வாத்தியார்.

"சேர்ந்து தப்புப் பண்ணா அது பாட்டு, சார். தனியா சரியா பாடினா அது தொந்தரவு."

எனக்கு இது சரியாகப் படவில்லை. அன்றும் அதற்கு அடுத்த வாரமும் வாதாடினேன். சரி என்பது தலையை எண்ணித் தீர்மானிப்பது அல்ல என்றேன். "அப்ப நீங்க தனியா கச்சேரி வையுங்க. நாங்க எல்லாம் வந்து கைதட்றோம்" என்றார் ஆட்டோக்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள். முதல் நான்கு வாரங்களில் அந்த டப்பாவில் விழுந்த நாணயங்களில் பதினொன்று என்னுடையவை. டோலக்காரர் இரண்டு ஆண்டுகளாக அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் காசு ஒன்றுகூட அதில் விழுந்ததில்லை என்றார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் டப்பா சுற்றி வரும்போது அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கும் கையில் ஒரு சின்ன பெருமிதம் இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

வாத்தியாரின் பாட்டுகளில் பாலாற்றைப் பற்றி ஒன்று இருந்தது. வெள்ளம் வரும் வரை குரல்கள் ஏறிக்கொண்டே போகும். பிறகு சட்டென்று நின்றுவிடும். ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களுக்காகப் பதினாறு தாளம் யாரும் பாடக் கூடாது, டோலக்கும் கிடையாது, கீபோர்டு மட்டும் மெல்லியதாக ஓடும். பதினாறு முடிந்ததும் பதினான்கு குரலும் ஒரே அடியாக எழ வேண்டும். டோலக்கும் அந்த இடத்தில்தான் விழும்.

அந்தப் பதினாறை ஆளுக்கொரு விதமாகக் கடந்தார்கள். கடைக்காரர்கள் வாத்தியாரின் தலையசைப்பைப் பார்த்தார்கள். நெசவாளர்கள் காலால் எண்ணினார்கள்: தறியில் மிதிப்பது போலவே வலது கால், இடது கால் என்று கட்டைவிரலை மாற்றி மாற்றித் தரையில் அழுத்துவார்கள், கண் எங்கேயோ இருக்கும். நான் வாயால் எண்ணினேன்.

"சார், வாய் இன்னா முணுமுணுக்குது?" என்றார் வாத்தியார்.

"எண்றேன்."

டோலக்காரர் முதல்முறையாக என்னிடம் பேசினார். "வாயால எண்ணாதீங்க சார். வாய் ஏமாத்தும். கால்ல எண்ணுங்க."

"என் கால் தறியில் பழகலையே."

"அப்ப எட்டு எட்டா ரெண்டு தரம் எண்ணுங்க. சுலுவா இருக்கும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எட்டு எட்டாக எண்ணினால் பன்னிரண்டுக்கு அப்பால் போகவே வேண்டாம். பயம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். அதனாலேயே அப்படிச் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாத ஊருக்கு ஆட்களைக் கணக்கில் காட்டும் கிராம அலுவலர்களை நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என் தலைக்குள் நானே அதைச் செய்வதா? ஒன்று முதல் பதினாறு வரை நேராக எண்ணுவேன் என்றேன். அவர் சரி என்று டோலக்கைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஞாயிறன்று வாத்தியாருக்கே கீபோர்டில் இடம் தவறிப்போயிற்று. விரல்கள் எங்கேயோ அலைந்தன. தலையசைப்பை நம்பியவர்கள் விழித்தார்கள். நான் பதினாறு முடிந்ததும் பாடினேன். அதே கணத்தில் டோலக் விழுந்தது. மற்றவர்கள் தாவிப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"இனிமே அந்த எடத்துல எல்லாரும் சாரோட வாயைப் பாருங்கப்பா. நான் தவறினாலும் சார் தவறமாட்டார்."

"மீட்டர் பொருத்திட்டோம்" என்றார் ஆட்டோக்காரர். "என் வண்டியில இல்லாத மீட்டர்."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என் எண்ணிக்கையை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்ததில்லை. அன்று வடை நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மாலையில் தெருவில் நடக்கும்போது மின்கம்பங்களைப் பதினாறு பதினாறாக எண்ணினேன். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களை எண்ணினேன். மனைவி தோசை ஊற்றும்போது, கல்லில் மாவு விழும் ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். "இன்னாங்க அது, நான் எத்தினி தோசை திங்கறேன்னு கணக்கா?" என்றாள். செப்டம்பர் 24, ஞாயிறு, ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில் எங்கள் குழு நான்கு பாட்டுகள் பாடுவதாக ஏற்பாடாகியிருந்தது. மூன்றாவது, பாலாற்றுப் பாட்டு. முந்தின நாள் வரைக்கும் நோட்டில் கூட்டிப் பார்த்தேன். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எழுபத்தேழு காலைகள். எழுபத்தொன்றில் புள்ளி, ஆறில் பெருக்கல் குறி. அலுவலகத்தில் இந்த அளவு பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அது கிணற்றுக் கணக்கு.

விழா நாள் காலையில் குழாயைத் திறந்துவிட்டு எண்ணினேன். பதிமூன்று வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை எண்ணினேன். வந்தது. எழுபத்தெட்டாவது குறி புள்ளி.

நூலகத்தின் கூடத்தில் நூற்றிருபது நாற்காலிகள். எண்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நான்காவது வரிசையில் மனைவி. மயில்கழுத்து நிறச் சேலை. எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கரை வேட்டி; நாங்கள் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக நின்றோம். வாத்தியாரும் டோலக்காரரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு பாட்டுகள் பழுதில்லாமல் போயின. மூன்றாவதில் வெள்ளம் ஏறியது, குரல்கள் ஏறின, நின்றன. கீபோர்டு தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கரண்ட் போயிற்று.

கீபோர்டு ஊமையானது. மைக் போயிற்று. பதினொரு மின்விசிறிகளும் வேகம் குறைந்து குறைந்து நின்றன. வாத்தியாரின் விரல்கள் மட்டும் சத்தமில்லாத கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவரும் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பியிருந்தன. டோலக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபடியே அவர் கட்டைவிரல்கள் மாறி மாறித் தரையில் அழுந்திக்கொண்டிருந்தன.

வரிசையின் கோடியில் நிற்பவர்களுக்கு என் உதடு தெரியாது என்று தோன்றியது. அதனால் குரலை விட்டேன். ஏழு. எட்டு. ஒன்பது. கூடம் அத்தனை அமைதியாக இருந்ததில் என் எண்ணிக்கை கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டிருக்கும். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

அடுத்தது இல்லை.

அங்கே ஒரு பல் விழுந்த இடம் போல இருந்தது. நாக்கு போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. தாளம் நிற்காது. எதையாவது சொல்லியாக வேண்டும். பதினான்கு என்றேன். பதினைந்து, பதினாறு. பதின்மூவரும் ஒரே மூச்சில் குரலெடுத்தோம், ஒரு தாளம் முன்னதாக. நாங்கள் பாடத் தொடங்கிய பிறகு, இருக்க வேண்டிய இடத்தில், டோலக் தனியாக விழுந்தது. தொம்மென்று ஒரே ஒரு அடி. அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு தாளத்துக்குள் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார்.

கைதட்டினார்கள். கரண்ட் இல்லாமலே பாடி முடித்ததற்காக இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நல்லா இருந்துதுங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நடுவுல அந்த டோலக்காரர் ஒரு எடத்துல தப்பா அடிச்சிட்டாரு இல்ல?" என்றாள்.

நூலகத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் டீ. குழு முழுவதும் வட்டமாக நின்றது. ஆட்டோக்காரர் டப்பாவைக் கொண்டு வந்தார். நேராக டோலக்காரரிடம் போனார்.

"ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மொதல் போணி. எல்லாரும் வேடிக்கை பாருங்கப்பா."

சிரித்தார்கள். ஒருவர், "தறியில ஒரு இழை உட்டாக்கூட ஒத்துக்கமாட்டான். இப்ப இன்னா சொல்றே?" என்றார். டோலக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் போட்டார். காலி டப்பா, சத்தம் பெரிதாகக் கேட்டது.

டீ சூடாக இருந்தது. நான் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால், தவறு என்னுடையது என்று சொல்லி நிறுத்த முடியாது. எப்படித் தவறியது என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால், அடுத்த ஞாயிறு என் வாயை யார் பார்ப்பார்கள்? நாலு நாளில் மனைவியின் காதுக்கும் போய்விடும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஐந்து ரூபாய்தான். பாதி டீ குடிக்கும் வரை இப்படியே ஓடியது. டோலக்காரர் தன் டீயைத் தொடவே இல்லை. அதை நான் எண்ணாமலே கவனித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காசை எடுத்து அவர்கிட்டக் குடு" என்றேன்.

"ஏன் சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"அவர் அடிச்சதுதான் சரி. நாம பாடினதுதான் முன்னாடி. நான் ஒண்ணை விட்டுட்டேன்."

"நீங்களா? எதை விட்டீங்க?"

சொல்லப் போனேன். அப்போதும் வரவில்லை.

"பன்னெண்டுக்கு அடுத்ததை" என்றேன்.

இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மார்ச் மாதத்துப் புதன்கிழமையைச் சொன்னேன். டாக்டரின் பேனாவைச் சொன்னேன். குழாய், நோட்டு, ஆறு பெருக்கல் குறிகள். நின்றுகொண்டு சொன்னதால் சீக்கிரமே முடிந்துவிட்டது.

டோலக்காரர்தான் முதலில் பேசினார். "ஒண்ணு பாக்கி இருக்குதுன்னு என் கால் சொல்லிச்சு சார்."

"அப்புறம் ஏன் காசு போட்டீங்க?"

"தனியா விழுந்துது இல்ல? சட்டம்னா எனக்கும்தான்."

வாத்தியார் இடையில் வந்தார். "சேர்ந்து தவறினதுக்கு அபராதம் கெடையாது சார். விடுங்க. டீயக் குடிங்க."

"சேர்ந்து தவறலை. நான் தவறினேன். மத்த பன்னெண்டு பேரும் என்னை நம்பினாங்க. அவங்க அபராதமும் என்னோடது."

"இன்னா சார், சட்டத்தையே மாத்தறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"முதல் வாரத்துலேர்ந்து மாத்தத்தானே பாக்குறேன்."

டோலக்காரரின் நாணயத்தை நானே எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். நான் டீக்கடையில் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஐந்து ரூபாய் நாணயங்களாக மாற்றி வந்தேன். டப்பாவை ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று. பன்னிரண்டு.

இன்னும் ஒரு நாணயம் போட வேண்டும். அதைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றேன். டோலக்காரரின் வலது கால் கட்டைவிரல் மண்ணில் ஒருமுறை அழுந்தியது. நாணயத்தைப் போட்டேன்.

அறுபத்தைந்து ரூபாய்.